வெள்ளிக்கிழமைத் தேங்காய்

சாஆ,
12 பிப்ரவரி 2024

அன்புத் தம்பி குணாளனுக்கு,

அக்கா எழுதுவது. நான் சுகம். முட்டி மட்டும் மழை வருவதற்கு முன்பே எனக்கு அறிவிப்புக் கொடுத்துவிடுகிறது, மற்றபடி குறையில்லை. நீயும் ஷாமளாவும் நன்றாக இருக்க வேண்டும் என்பதே என் எண்ணம்.

போன மாதம் உனக்குத் தொண்டையில் ஆபரேஷன் ஆனதிலிருந்து நாம் பேசிக்கொள்ளவில்லை. உன் குரல் போனில் ஏறவில்லை. என்னுடையதோ பொத்தான் போன், அதில் எழுத்துத் தட்டினால் ஒரு வரிக்கு ஒரு பொழுது போய்விடும். உன் பெண்டாட்டியைக் கேட்டால், "அவருக்கு என்னக்கா, நல்லா இருக்காரு" என்று தினமும் ஒரே பாட்டு. நல்லா இருக்கிறவன் ஏன் பேச மாட்டேன் என்கிறான் என்று நான் திருப்பிக் கேட்பதில்லை. அவள் பாவம். அதனால்தான் இந்தக் கடிதம். தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்த தமிழ் எனக்கு இன்னும் கைவசம் இருக்கிறது. நீ உன் கையால் பதில் எழுது. உள்ளதை உள்ளபடி எழுது.

இங்கே தோட்டம் நன்றாக இருக்கிறது. பக்கத்து நிலத்து பாக் ஹசான் தன் கிழட்டுச் செம்பனைகளையெல்லாம் சாய்த்துவிட்டு இளங்கன்று நட்டிருக்கிறார். உன் அத்தான் இறந்ததிலிருந்து என் குலைகளையும் அவர்தான் தன் லோரியில் ஏற்றிப் போய் எண்ணெய் மில்லில் இறக்குகிறார். ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை. ஓடைக்கரையில் உன் அத்தான் வைத்த பிள்ளையார் கல்லுக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கு வைக்கிறேன். பிள்ளையாருக்குப் பின்னால் ஓடை, ஓடைக்கு அப்பால் காடு. அவ்வளவுதான் என் உலகம்.

தொண்டைக்கு வெந்நீர் குடி.

உன் அக்கா,
புஷ்பவள்ளி


கூலாய்,
1 மார்ச் 2024

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. கையெழுத்து இன்னும் வாத்தியாருக்குப் பயந்தே நிற்கிறது. உன் முட்டியை விசாரித்ததாகச் சொல்.

உள்ளதை உள்ளபடி கேட்டாய். கழலை போய்விட்டது, அது கெட்ட கட்டி இல்லை, அந்தக் கவலையை விடு. ஆனால் வெட்டும்போது குரலுக்குப் போகும் நரம்பு நொந்துவிட்டதாம். நான் பேசினால் காற்றுதான் வருகிறது. ஓட்டை டயர் பேசுகிற மாதிரி இருக்கிறது. ஆறு மாதத்தில் திரும்பலாம், ஒரு வருடமும் ஆகலாம் என்கிறார் டாக்டர்.

செனாய் பேக்டரியில் என்னை லைனிலிருந்து எடுத்து ஸ்டோரில் உட்கார வைத்திருக்கிறார்கள். மெஷின் சத்தத்துக்கு மேல் கத்த முடியாத சூப்பர்வைசர் எதற்கு? குறை சொல்லவில்லை, அவர்கள் வேலையை விட்டு அனுப்பவில்லையே. கூட வேலை செய்கிற கமலநாதன் எனக்கு ஒரு விசில் வாங்கிக் கொடுத்தான். ஒரு ஊதல் என்றால் வா, இரண்டு என்றால் நில். ஷாமளாவிடம் வீட்டில் ஊதிப் பார்த்தேன். வரவுமில்லை, நிற்கவுமில்லை.

உன் பிள்ளையாருக்கு விளக்கு மட்டும்தானா? அவர் சாப்பாட்டு ஆள் ஆயிற்றே. லஞ்சம் கொடுக்காமல் நீ ஒரு காரியத்துக்கும் போக மாட்டாயே.

உன் தம்பி,
குணாளன்


சாஆ,
20 மார்ச் 2024

அன்புத் தம்பி,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஷாமளாவைக் கேட்டதாகச் சொல். அவள் உன் ஊதலுக்கு வராததில் எனக்குப் பரம சந்தோஷம்.

உனக்கு ஒரு சேதி. போன சனிக்கிழமை காலையில் ஓடைப் பக்கம் போனால் ஈர மண்ணில் வட்ட வட்டமாகத் தடம். ஒவ்வொன்றும் நம் வீட்டுச் சோற்றுத் தட்டை விடப் பெரிது. யானை வந்துவிட்டுப் போயிருக்கிறது. முப்பது வருடமாக இங்கே இருக்கிறேன், காட்டுக்குள் இருக்கிறது என்று பிறர் சொல்லத்தான் கேட்டிருக்கிறேன். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிள்ளையார் கல்லுக்கு முன்னால் நின்றுவிட்டுத்தான் போயிருக்கிறது. என் மரம் ஒன்றையும் தொடவில்லை. அது வேறு எனக்குப் பெருமை.

பாக் ஹசானுக்குத்தான் நஷ்டம். இளங்கன்றின் குருத்து அதற்கு வெல்லம் மாதிரியாம். பதினோரு கன்றைப் பிடுங்கித் தின்றிருக்கிறது. மனுஷன் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நோன்பு மாதம், கோபப்படக்கூடாது என்றார்.

நேற்று பாசாரில் நல்ல கரும்பு வந்திருந்தது. ஒரு கட்டு வாங்கினேன். இந்த வயதில், இந்தப் பல்லுக்கு எதற்குக் கரும்பு என்று கேட்காதே.

குரல் கொஞ்சமாவது தேவலையா என்று எழுது. மறைக்காதே.

அக்கா புஷ்பவள்ளி


கூலாய்,
8 ஏப்ரல் 2024

அன்பு அக்காவுக்கு,

நலம். உன் யானை விஷயத்தை ஸ்டோரில் எல்லோருக்கும் எழுதிக் காட்டினேன். பேச முடியாதவன் கதை சொல்ல வேண்டுமென்றால் இதுதான் வழி.

மறைக்காதே என்றாய். குரல் வரவில்லை. போன வாரம் குழாய் விட்டுப் பார்த்தார்கள். நரம்பு அசையவே இல்லை. வராமலே போனால் என்ன செய்வது என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் பக்குவமாகச் சொன்னார். நானும் பக்குவமாகத் தலையாட்டினேன். ஷாமளா காரில் ஏறிய பிறகு அழுதாள். அவளைத் தேற்ற வேண்டுமென்றால் சத்தம் வேண்டும். தோளைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இதை உன்னிடம் மட்டும்தான் எழுதுகிறேன். நீ கேட்டதால். எழுதிய பிறகு நெஞ்சு லேசாக இருக்கிறது, அதற்கு உனக்கு நன்றி.

பாக் ஹசானுக்கு என் பெருநாள் வாழ்த்தைச் சொல்.

குணாளன்


சாஆ,
13 மே 2024

தம்பி குணாளனுக்கு,

சுகம்தானே? நீ எழுதியதற்கு என்னால் பதில் எழுத முடியவில்லை. வேறு என்னால் முடிந்ததைச் செய்துகொண்டிருக்கிறேன்.

யானை இப்போது ஒன்றில்லை, மூன்று. ஒரு சனிக்கிழமை விடிந்தும் விடியாத நேரம் என் கண்ணாலேயே பார்த்தேன். தாய், அதன் பின்னால் காது கிழிந்த இன்னொன்று, நடுவில் குட்டி. அந்தக் குட்டிக்குத் தும்பிக்கையை என்ன செய்வதென்று இன்னும் தெரியவில்லை. தானே மிதித்துத் தானே திடுக்கிடுகிறது.

பாக் ஹசான் இப்போது சிரிப்பதில்லை. அறுபத்திரண்டு கன்று போய்விட்டது. பெருநாளுக்கு எனக்கு மூங்கிலில் வேகவைத்த லெமாங் சோறும் ரெண்டாங் கறியும் கொண்டுவந்து கொடுத்தவர் வாசலிலேயே நின்று கொடுத்துவிட்டுப் போனார். வனவிலங்கு இலாகாவுக்கு மனுப் போட்டிருக்கிறார். இலாகா ஆட்கள் வந்து பார்த்தார்கள். மயக்க ஊசி போட்டு, சங்கிலி கட்டி, பழக்கிய யானைகளை விட்டு லோரியில் ஏற்றி எங்கோ தொலைதூரக் காட்டில் விடுவார்களாம். மூன்றையும் ஒரே நாளில் பிடிக்க முடியாதாம். தாய் முதலில் அகப்பட்டால் குட்டி என்ன ஆகும் என்று கேட்டேன். அந்த ஆளுக்கு நல்ல மனசு, குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டார்.

அவர்களோடு லோஷினி என்று ஒரு பெண் வந்திருந்தாள். யானைக்கும் தோட்டக்காரருக்கும் சண்டை வராமல் வழி தேடுகிற குழுவில் வேலை செய்கிறாள். பிடிப்பதற்கு முன், இவை ஏன் இங்கே வருகின்றன என்று தெரிய வேண்டும் என்றாள். ஓடைக்கரை மரத்தில் ஒரு சின்னக் கேமராவைக் கட்டிவிட்டுப் போயிருக்கிறாள்.

வெந்நீர், மறக்காதே.

அக்கா


கூலாய்,
27 மே 2024

அன்பு அக்காவுக்கு,

நலமா? முட்டி நலமா? மூன்று பேரும் நலமா?

ஸ்டோரில் வேலை குறைவு. உன் கடிதங்களை வரிசையாக வைத்துப் படித்தேன். இருபது வருடம் ஷிப்ட் போட்டவன் கண் அக்கா, ஒன்று உறுத்துகிறது. உன் யானை எப்போதும் சனிக்கிழமை காலையில்தான் தட்டுப்படுகிறது. திங்களில் இல்லை, புதனில் இல்லை. காட்டில் நாள்காட்டி மாட்டியிருக்கிறார்களா? வெள்ளி ராத்திரி ஷிப்ட் பார்க்கிற யானையை நான் கேள்விப்பட்டதில்லை.

சும்மா கேட்கிறேன். நீ எதற்கும் ஓடைப் பக்கம் தனியாகப் போகாதே.

உன் தம்பி,
குணாளன்


கூலாய்,
24 ஜூன் 2024

அக்காவுக்கு,

நான்கு வாரம் ஆகிறது, உன் கடிதம் இல்லை. ஷாமளா போன் செய்தால் "நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாயாம். அது அவளுடைய பாட்டு, உன்னுடையது இல்லை.

நான் கேலியாக எழுதியது மனதில் பட்டுவிட்டதா? பட்டிருந்தால் மன்னித்துக்கொள். இங்கே என்னால் பேச முடியவில்லை. நீயும் பேசாவிட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

ஒரு வரி போதும்.

குணாளன்


சாஆ,
1 ஜூலை 2024

என் தம்பி குணாளனுக்கு,

நீ மன்னிப்புக் கேட்கிறாயே, நான் எங்கே போய் முட்டிக்கொள்வது? உடம்புக்கு ஒன்றுமில்லை. வெட்கம்தான் எனக்கு வியாதி.

சொல்லிவிடுகிறேன். உனக்கு ஆபரேஷன் நடந்த அன்று பிள்ளையார் கல்லுக்கு முன்னால் வேண்டிக்கொண்டேன். என் தம்பிக்குக் குரல் வரும்வரை வெள்ளிக்கிழமைதோறும் தேங்காய் உடைக்கிறேன் என்று. வேண்டுதலை வெளியே சொன்னால் பலிக்காது, அதனால் உன்னிடம் மூச்சுவிடவில்லை. முதலில் ஒரு தேங்காய்தான். கோவிலில் சிதறு தேங்காய் உடைத்தால் பொறுக்க ஆள் இருக்கும். இங்கே யார் இருக்கிறார்கள்? துண்டுகளை அப்படியே விட்டு வந்தேன். மறுநாள் போனால் ஒன்றும் இருக்காது. குரங்கு தின்றிருக்கும் என்று நினைத்தேன். குரல் வரவில்லை என்று நீ எழுதினாய், ஒரு கட்டுக் கரும்பு சேர்த்தேன். நரம்பு அசையவில்லை என்று எழுதினாய், ஐந்து தேங்காயும் இரண்டு தார் வாழைப்பழமும் வைத்தேன். உன் சேதி கெட்டுப்போகப் போக நான் கூட்டிக்கொண்டே போனேன்.

ஜூன் முதல் வாரம் லோஷினி தன் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து சமையலறை மேசையில் வைத்துப் படங்களைக் காட்டினாள். முதல் படத்தில் யானை இல்லை, நான். பின்பக்கம் தெரிகிறது, கொண்டை அவிழ்ந்திருக்கிறது, கையில் தேங்காய். என் முதுகு அவ்வளவு அகலம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அடுத்த படத்தில் அதே இடத்தில் தாய் யானை. அடுத்த வெள்ளிக்கிழமையும் அப்படியே. நான், பிறகு அது. நான், பிறகு அது. அந்தப் பெண் சிரிக்கவுமில்லை, ஏசவுமில்லை. "ஆன்ட்டி, சாமி கும்புடறது நல்லதுதான். ஆனா இதுங்க உங்க டைம்டேபிள மனப்பாடம் பண்ணிருச்சுங்க லா" என்றாள். என் சாப்பாட்டுக்கு வருகிற வழி பாக் ஹசான் நிலம். போகிற போக்கில் அவர் கன்று.

அந்த வாரம் நிறுத்தினேன். வெள்ளிக்கிழமை மாலை முழுக்க உன் தொண்டைதான் கண்ணுக்கு முன்னால் நின்றது. அடுத்த வாரம் தாங்க முடியாமல் ஒரே ஒரு தேங்காய் உடைத்தேன். அன்றைக்கு ஒன்பது கன்று போனது. ஜூலை முடிவதற்குள் இன்னொரு முறை கன்றைத் தின்றால் ஆகஸ்ட்டில் பிடிக்கிறோம் என்று இலாகாவில் சொல்லிவிட்டார்கள். பாக் ஹசானுக்கு இன்னும் நான் எதுவும் சொல்லவில்லை. லோஷினியும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

நிறுத்தினால் உன் குரல் வராமல் போகுமோ என்று பயம். நிறுத்தாவிட்டால் அந்தக் குட்டி தாயில்லாமல் நிற்கும். இப்போது வெளியேயும் சொல்லிவிட்டேன். எனக்கு ஒன்றும் புரியவில்லை தம்பி. நீ சொல்.

அக்கா


கூலாய்,
5 ஜூலை 2024

என் அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்த அன்றே எழுதுகிறேன். நலம் விசாரிப்பதெல்லாம் கடைசியில்.

முதலில், ஊரைக் கூட்டி விருந்து வைத்தது நீ மட்டும் இல்லை. என் குரல் வரவில்லை என்று நான் எழுதிய ஒவ்வொரு கடிதமும் ஒரு கட்டுக் கரும்பாகியிருக்கிறது. பாதிப் பழி என்னுடையது.

வேண்டுதல் என் குரலுக்கு. குரலுக்குச் சொந்தக்காரன் சொல்கிறேன், கேள். வேண்டுதலை நிறுத்தாதே. தேங்காயை நிறுத்து. பிள்ளையாருக்குத் தேங்காயை விடப் பிரியமானது ஒன்று உண்டு, உனக்குத் தெரியாததா? அருகம்புல். ஒரு பிடி அருகம்புல் வை. அது யானைக்குப் பல்லிடுக்குக்கும் காணாது. ஓடைக்கரையிலேயே முளைத்துக் கிடக்கும், பாசாருக்கும் போக வேண்டாம். நாற்பது வருடமாக உன்னைக் கேலி செய்தவன் பூசை முறை சொல்கிறேன், சிரித்துக்கொள்.

இரண்டாவது, பாக் ஹசானிடம் போய்ச் சொல். இன்றைக்கே. படம் பார்த்து அவர் தெரிந்துகொள்வதற்கு முன்னால் உன் வாயால் தெரியட்டும். உனக்கு வாய் இருக்கிறது அக்கா, அதன் அருமை எனக்குத் தெரியும்.

மூன்றாவது. எனக்குக் குரல் வந்தாலும் வராவிட்டாலும், காட்டு ஓரத்தில் ஒருத்தி முட்டி வலியோடு வாராவாரம் எனக்காக நின்றிருக்கிறாள். இதற்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. விசிலில் ஊதிப் பார்த்தேன், போதவில்லை.

முட்டி எப்படி இருக்கிறது?

உன் குணாளன்


சாஆ,
5 ஆகஸ்ட் 2024

அன்புத் தம்பிக்கு,

நான் நலம், நிஜமாகவே நலம். முட்டியும்கூட.

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே பாக் ஹசான் வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். உனக்காக வேண்டியது, கரும்பு, வாழைத்தார், கடைசியாக உடைத்த அந்த ஒரு தேங்காய் வரை. டீ கிளாஸைக் கீழே வைத்தார். தோட்டத்து லயத்தில் நம் ஆட்களோடு வளர்ந்தவர், நம்மை விட நல்ல தமிழ் பேசுவார், அக்கா என்பதை மட்டும் காக் என்பார். "காக், நீங்க விருந்து வச்சீங்க, அது வந்துச்சு. கூப்பிட்டு வந்தவங்கள நான் எப்படி சங்கிலி போட்டு அனுப்பறது?" என்றார். பிறகு, "உங்க தம்பிக்கு இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டார். எழுபத்தோரு கன்று இழந்தவர் கேட்கிற கேள்வியா அது? அங்கேயே அழுதுவிட்டேன்.

ஜூலை முழுக்க ஒரு கன்றுக்கும் சேதமில்லை என்றால் மனுவைத் திருப்பி வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். மறுநாளிலிருந்து தினமும் காலையில் போய் அவரோடு கன்று நட்டேன். லோஷினி ஆட்களைக் கூட்டி வந்து அவர் கன்றுகளைச் சுற்றி மெல்லிய மின்கம்பி கட்டிக் கொடுத்தாள். தொட்டால் சுருக்கென்று இருக்கும், உயிருக்கு ஆபத்தில்லை. மரம் வளர்ந்து குருத்து எட்டாத உயரம் போனதும் கழற்றிவிடலாம். ஓடையை ஒட்டிய என் இரண்டு வரிசைச் செம்பனையை நான் விட்டுக்கொடுத்துவிட்டேன். அங்கே களைக்கொல்லி அடிப்பதில்லை, புதர் வெட்டுவதில்லை. வழி இருந்தால் வழியோடு போய்விடும் என்றாள் அந்தப் பெண்.

முதல் வெள்ளிக்கிழமை அருகம்புல்லை வைத்தபோது எனக்குக் கை கூசியது. ஐந்து தேங்காய் பார்த்த சாமிக்கு ஒரு பிடி புல். அன்றைக்கு ராத்திரி அவை வந்து கல்லுக்கு முன்னால் நின்றிருக்கின்றன, கேமராவில் விழுந்திருக்கிறது. தாய் புல்லை முகர்ந்து பார்த்துவிட்டு என்ன இது என்பது போல நின்றது. குட்டிதான் அதையும் எடுத்துத் தின்றது. கம்பிப் பக்கம் போகாமல் ஓடை வழியே திரும்பிப் போய்விட்டன. இரண்டாம் வாரமும் எட்டிப் பார்த்தன. மூன்றாம் வாரம் வரவில்லை. பாக் ஹசானின் ஒரு கன்றுக்கும் சேதமில்லை. போன வியாழக்கிழமை மனுவைத் திரும்ப வாங்கிவிட்டார்.

அந்தப் புதர் வரிசையில் இப்போது நீர்நாய்க் குடும்பம் ஒன்று மீன் பிடிக்கிறது. கேமராவுக்கு இனிமேல் என் முதுகைப் பார்க்க வேண்டிய கஷ்டமில்லை.

நான் உன்னைக் குரலைப் பற்றிக் கேட்கப் போவதில்லை. நீ சொல்கிறபோது சொல். நல்ல தம்பியைக் கொடுத்ததற்கு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நன்றி சொல்லிவிட்டு வருகிறேன். அதற்குத் தேங்காய் தேவைப்படவில்லை.

அக்கா புஷ்பவள்ளி


சாஆ,
27 ஆகஸ்ட் 2024

என் குணாளனுக்கு,

நேற்றுச் சாயங்காலம் போன் அடித்தது. ஷாமளா என்று நினைத்து எடுத்தேன். யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். பிறகு, "அக்கா, நான்தான்" என்று கேட்டது. கரகரவென்று, பாதி உடைந்து, ஆனால் உன் குரல். நீ பாட்டுக்கு ஏதேதோ சொல்லிக்கொண்டே போனாய். நரம்பு அசைகிறது என்றாய், இன்னும் கத்த முடியாது என்றாய், கேட்கிறதா அக்கா, கேட்கிறதா என்றாய்.

கேட்டது தம்பி. எல்லாம் கேட்டது. எனக்குத்தான் வாயைத் திறக்க முடியவில்லை. நீ லைன் போய்விட்டது என்று வைத்துவிட்டாய். உனக்குக் குரல் வந்த அன்றைக்கு எனக்குப் போய்விட்டது. அதனால்தான் இன்றைக்கும் கடிதம்.

பாக் ஹசானிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அல்ஹம்துலில்லாஹ் என்றார், நான் பிள்ளையாரே என்றேன், இரண்டு பேரும் அவர் கன்றுகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தோம்.

செப்டம்பர் ஏழாம் தேதி விநாயகர் சதுர்த்தி. நீயும் ஷாமளாவும் வாருங்கள். வேண்டுதல் முடிந்தது, ஒரு தேங்காய் பாக்கி வைத்திருக்கிறேன். நீயே உன் கையால் உடை. ஆனால் ஒன்று, ஒரு துண்டு விடாமல் நீயே குனிந்து பொறுக்க வேண்டும்.

உன் அக்கா,
புஷ்பவள்ளி